பீனிக்ஸில் முதல் கோடை: 110 டிகிரி வெயிலும் புழுதி மழையும்

நம் ஊரில் வெயில் சதம் அடித்தால் மறுநாள் பேப்பரில் ஊர்வாரியாகப் பட்டியல் போடுவார்கள். அரிசோனாவின் பீனிக்ஸில் மே முதல் வாரம் வாக்கில் முதல் சதம் விழும். அதோடு சரி, அப்புறம் அது செய்தியே இல்லை. 2024இல் தொடர்ந்து 113 நாள், ஒரு நாள்கூட விடாமல், வெயில் 100 டிகிரியைத் தொட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் 30இல் தொடங்கி 31 நாள் வரிசையாக 110 டிகிரி அல்லது அதற்கும் மேல். செல்சியஸில் சொன்னால் 43. பீனிக்ஸ் இருக்கும் மரிகோபா மாவட்டத்தில் 2023ஆம் ஆண்டில் மட்டும் வெப்பம் தொடர்பாக இறந்தவர்கள் 645 பேர்.

பீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் சிப் தொழிற்சாலைக்கும் மென்பொருள் வேலைக்கும் வரும் நம் ஆட்கள் பலர், ‘மெட்ராஸ் வெயிலைப் பார்த்தவனுக்கு இது என்ன’ என்று வந்து இறங்குவார்கள். நானும் அப்படித்தான் இறங்கினேன். சென்னையில் பழகிய கணக்கு எதுவும் இங்கே செல்லாது என்று புரிய எனக்கு ஒரு முழுக் கோடை ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் காலண்டரைப் புரிந்துகொள்ளுங்கள்

இங்கே கோடை இரண்டு. மே, ஜூன் வறண்ட கோடை. காற்றில் ஈரமே இருக்காது. ஜூலை தொடக்கத்தில், சில ஆண்டுகளில் கொஞ்சம் முன்னாலேயே, காற்று திசை மாறும். உயரழுத்த மண்டலம் வடக்கே நகர்ந்து, அரிசோனா, யூட்டா, கொலராடோ, நியூ மெக்சிகோ நான்கும் சந்திக்கும் மூலைப் பக்கம் போய் உட்காரும். அதைச் சுற்றிக்கொண்டு மெக்சிகோவிலிருந்தும் கலிஃபோர்னியா வளைகுடாவிலிருந்தும் ஈரக்காற்று உள்ளே வரும். இதைத்தான் இங்கே மான்சூன் என்கிறார்கள்.

பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள். நம் பருவமழை மாதிரி நாள்கணக்கில் பெய்யாது. பருவம் முழுக்கச் சேர்த்து பீனிக்ஸுக்குச் சராசரியாகக் கிடைப்பது சுமார் 2.4 அங்குலம். ஐப்பசியில் சென்னையில் ஒரே ராத்திரியில் பெய்துவிடும் மழை அது. 2023இல் அதுகூட இல்லை; மொத்தமே 0.15 அங்குலம். ஆனால் 2014 செப்டம்பர் 8 அன்று ஒரே நாளில் 3.3 அங்குலம் கொட்டி, ஐ-10 ஃப்ரீவேயில் கார்கள் தண்ணீருக்குள் நின்றன. பெய்தால் அப்படி, இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை.

தேசிய வானிலைச் சேவை 2008 முதல் ஜூன் 15 தொடங்கி செப்டம்பர் 30 வரை என்று மான்சூனுக்குத் தேதி குறித்துவிட்டது. அதற்கு முன்பெல்லாம் காற்றின் ஈரத்தைக் காட்டும் ‘ட்யூ பாயின்ட்’ என்ற பனிநிலை மூன்று நாள் தொடர்ந்து 55 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால்தான் மான்சூன் பிறந்ததாகக் கணக்கு. எனக்கு அந்தப் பழைய கணக்குதான் பிடிக்கும். போனில் வானிலை பார்க்கும்போது வெப்பத்தோடு ட்யூ பாயின்டையும் பார்க்கப் பழகுங்கள். ஜூனில் 30க்குப் பக்கத்தில் கிடக்கும் எண் 55, 60 என்று ஏறினால், சாயங்காலம் வானத்தின் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

ஏப்ரலுக்குள் முடிக்க வேண்டியவை

ஏசி. எல்லாவற்றுக்கும் முன்னால் அதுதான். இங்கே அது சொகுசுச் சாமான் இல்லை, தண்ணீர்க் குழாய் மாதிரி. எங்கள் முதல் ஜூலையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஏசி சுடுகாற்று ஊத ஆரம்பித்தது. ஆள் அனுப்புவதாகச் சொன்ன நிறுவனம் செவ்வாய்க்கிழமைதான் வர முடியும் என்றது. ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்குள் 94 டிகிரி. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போய்விட்டோம். செவ்வாயன்று வந்தவர் கழற்றிக் காட்டியது உள்ளங்கை அளவு கப்பாசிட்டர் ஒன்று. மேல் பக்கம் உப்பியிருந்தது. வெயிலில் முதலில் போவது பெரும்பாலும் அதுதானாம். ஏப்ரலில் கூப்பிட்டிருந்தால் சோதித்துச் சொல்லியிருப்பார்கள். அந்த மாதம் அவர்களுக்கும் வேலை குறைவு. வாடகை வீடு என்றால், ஏசி கெட்டால் எத்தனை நாளில் சரிசெய்வார்கள் என்று கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். பில்டரை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். புழுதிக் காற்று அடித்த மறுநாள் எடுத்துப் பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்று தெரியும்.

பழைய வீடுகளில் ஏசிக்குப் பதில் தண்ணீர் நனைத்துக் காற்று அனுப்பும் கூலர் இருக்கும். ஜூன் வரை ராஜா மாதிரி வேலை செய்யும். காற்றில் ஈரம் ஏறியதும் வீட்டைக் குளிர்விக்காது, புழுங்கவைக்கும். அதை நம்பி வாடகைக்கு எடுக்காதீர்கள்.

மின்சாரத் திட்டத்தையும் பாருங்கள். பல திட்டங்களில் பிற்பகல் மூன்று, நான்கு மணிக்குப் பிறகு சில மணி நேரம் கட்டணம் பலமடங்கு. மதியமே வீட்டை நன்றாகக் குளிரவைத்துவிட்டு, அந்த நேரத்தில் ஏசியை இரண்டு மூன்று டிகிரி ஏற்றி வையுங்கள். இட்லிக்கு அரைப்பது, துணி துவைப்பது எல்லாம் காலையில்.

காரில் பேட்டரி இரண்டு மூன்று வருடம்தான் தாங்கும். மூன்று முடிந்திருந்தால் நின்றுபோகும் வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். டயரில் விரிசல், காற்று இரண்டையும் பாருங்கள். முன்கண்ணாடிக்கு மடக்கு மறைப்பு ஒன்று வாங்குங்கள். வைப்பர் ரப்பர் எட்டு மாத வெயிலில் காய்ந்து உதிர்ந்திருக்கும். முதல் மழையில்தான் அது தெரியும், அப்போது தெரிந்து பிரயோஜனமில்லை.

வெள்ளத்துக்குச் சாதாரண வீட்டுக் காப்பீடு பணம் தராது. தனியாக எடுக்க வேண்டும். அரசுத் திட்டத்தில் எடுத்தால் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். மேகத்தைப் பார்த்துவிட்டு வாங்க முடியாது.

வறண்ட வெயிலில் உடம்பு

சென்னையில் வேர்வை முதுகில் வழிவதைப் பார்த்துத்தான் தண்ணீர் குடிக்கப் பழகியிருப்போம். இங்கே ஜூனில் வேர்ப்பதே தெரியாது. வேர்வை வெளியே வருவதற்கும் காய்வதற்கும் இடைவெளி இல்லை. ஒரு மணி நேரம் வெளியே இருந்துவிட்டு வந்து கறுப்புச் சட்டையைக் கழற்றிப் பாருங்கள், வெள்ளையாக உப்புக் கோடு போட்டிருக்கும். அதனால் தாகத்தைக் கேட்காதீர்கள், கடிகாரத்தைப் பார்த்துக் குடியுங்கள். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தாலும் உடம்பில் உப்பு குறைந்து தலை சுற்றும். உப்புப் போட்ட மோர் போதும். இதற்கென்று விற்கும் கலர் பானங்களைவிட அது எவ்வளவோ மேல். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள், அதிலும் நீர் பிரியச் செய்யும் மாத்திரை எடுப்பவர்கள், எவ்வளவு குடிக்கலாம், எவ்வளவு உப்பு சேர்க்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது நேரக் கணக்கு. நம் ஊரில் ‘வெயில் தாழ’ என்றால் ஐந்து மணி. இங்கே உச்ச வெப்பமே மாலை நாலு, அஞ்சு மணிக்குத்தான். ஜூன் கடைசியில் சூரியன் மறைய ஏழே முக்கால் ஆகும். மறைந்த பிறகும் தார் ரோடும் சுவரும் பகலில் குடித்த சூட்டை விடிய விடியக் கக்கும். 2023 ஜூலை 19 அன்று பீனிக்ஸில் இரவின் ஆகக் குறைந்த வெப்பமே 97 டிகிரி. ஆகவே நடைப்பயிற்சி காலை ஐந்து மணிக்கு. மாலை நடையை அக்டோபர் வரை மறந்துவிடுங்கள். மலையேறப் போகாதீர்கள். கேமல்பேக் மலையின் பாதைகளை, கடும் வெப்ப எச்சரிக்கை உள்ள நாட்களில் பகலில் நகராட்சியே மூடிவிடுகிறது.

பேரப்பிள்ளைகளைப் பார்க்க அப்பா அம்மா ஊரிலிருந்து வருவதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். அவர்களுக்கு முதல் நாளே சொல்ல வேண்டியது செருப்பு விஷயம். என் அப்பா காலி குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்துவர வெறுங்காலோடு வாசலில் இறங்கினார். இருபது அடி தூரம். தொட்டி வரை போய்விட்டார், திரும்ப முடியவில்லை. தொட்டியின் நிழலில் இரண்டு காலையும் ஒடுக்கி வைத்துக்கொண்டு, “டேய், செருப்பக் கொண்டாடா” என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். ராத்திரி இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். வெயிலில் தார்த்தரை 160 டிகிரி வரை சூடாகும். கீழே விழுந்து எழ முடியாமல் கிடந்தவர்கள் தீக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போகிற ஊர் இது. கோயிலுக்குப் போனால் ஒரு ஜோடி சாக்ஸ் எடுத்துப் போங்கள், செருப்பை நிழலில் கழற்றுங்கள். தோட்டத்து ஹோஸில் தேங்கிய தண்ணீரும் கொதிக்கும்; முதல் ஒரு நிமிடம் மண்ணில் விட்டுவிட்டு அப்புறம் குழந்தைகளிடம் கொடுங்கள்.

கார் நிறுத்துமிடத்தில் கடை வாசலை ஒட்டி இடம் காலியாக இருக்கும், தூரத்து மரத்தடியில் எல்லாரும் போட்டி போடுவார்கள். நீங்களும் மரத்தடிக்கே போங்கள். ஸ்டீயரிங் மேல் ஒரு துண்டு போட்டு வையுங்கள். சீட் பெல்ட்டின் இரும்புக் கொக்கி குழந்தையின் தொடையில் படாமல் பாருங்கள். காருக்குள் குழந்தையை ‘ரெண்டே நிமிஷம்’ என்றுகூட விடாதீர்கள். இன்சுலின், ஸ்ப்ரே டப்பா, சோடா கேன் எதையும் உள்ளே வைக்காதீர்கள்.

யாராவது குழறிப் பேசினால், இடம் தெரியாமல் விழித்தால், மயங்கினால் அது ஹீட் ஸ்ட்ரோக். வேர்க்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் 911ஐக் கூப்பிடுங்கள். வரும் வரை நிழலில் படுக்கவைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் இருந்தால் அக்குளிலும் கழுத்திலும் வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். வீட்டில் ஏசி போய் எங்கும் போக வழியில்லை என்றால் 211க்குப் போன் செய்து, வெயிலுக்கு ஒதுங்கும் பொதுக் குளிர்நிலையம் எங்கே என்று கேட்கலாம்.

இந்த வெயிலால் ஒரு லாபமும் உண்டு. ஜூன் முதல் வாரம் வடாம் பிழிந்தால் மத்தியானத்துக்குள் உடைத்துப் பார்க்கும் பதத்துக்குக் காய்ந்துவிடும். ஜூன் 15க்குள் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு பிழிந்தால் புழுதி வடாம்தான்.

புழுதிச் சுவர் வரும்போது

நம் ஊரில் மழை வரும் என்றால் இருட்டும், ஊதக்காற்று வரும், வாசலில் நின்று பார்ப்போம். இங்கே இடிமேகம் மதியத்தில் மலைகளின் மேல் திரளும். சாயங்காலம் அது உடைந்து கொட்டும்போது, மழையில் குளிர்ந்த கனமான காற்று கீழே விழுந்து நாலாபக்கமும் பாயும். அந்தக் காற்று காய்ந்த வயலையும் பாலைமண்ணையும் வாரிக்கொண்டு சுவராக எழும்பி ஊருக்குள் வரும். சூடானிலிருந்து வந்த அரபுச் சொல்லால் இதை ஹபூப் என்கிறார்கள். 2011 ஜூலை 5 அன்று வந்த ஹபூப் 5000 அடிக்கு மேல் உயரம். அதற்குப் பின்னால் மழை வரலாம், வராமலும் போகலாம்.

டூசானுக்குப் போகும் ஐ-10 சாலையில், பிகாச்சோ சிகரத்தைத் தாண்டுவதற்குள் எனக்கு அது நேர்ந்தது. போன் எச்சரிக்கை அலறியது. இடதுபக்கம் பழுப்பாக ஏதோ எழும்புவது தெரிந்தும், ‘முந்திப் போய்விடலாம்’ என்று வேகத்தைக் கூட்டினேன். ஒரு நிமிடத்தில் என் கார் பானெட்டே எனக்குத் தெரியவில்லை. அந்த வழியில் எலாய் பக்கம் சுமார் பத்து மைலுக்கு இப்போது ரேடார் வைத்து, புழுதி வந்தால் வேக வரம்பைத் தானே குறைக்கும் பலகைகள் இருக்கின்றன. பலகை குறைக்கச் சொன்னால் குறைத்துவிடுங்கள். சுவர் தூரத்தில் தெரியும்போதே அடுத்த எக்ஸிட்டில் இறங்கிவிடுவதுதான் நல்லது. மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியது இது:

1. சாலையை விட்டு முழுவதுமாக விலகுங்கள். சாலை ஓரக் கோட்டைத் தாண்டி எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு.
2. எல்லா விளக்கையும் அணையுங்கள். நான்கு பக்கமும் மினுக்கும் விளக்கையும்தான்.
3. ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுங்கள்.
4. பெல்ட்டைக் கழற்றாமல் உள்ளேயே இருங்கள்.

விளக்கை அணைக்கச் சொல்வது முதலில் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். பின்னால் வருபவருக்கு ரோடு தெரியாது, உங்கள் சிவப்பு விளக்கு மட்டும் தெரியும். முன்னால் ஒரு கார் போகிறது, அதுதான் ரோடு என்று நினைத்து அதைப் பிடித்துக்கொண்டே வந்து நின்றிருக்கும் உங்கள் மேல் ஏற்றிவிடுவார். காலை பிரேக்கிலிருந்து எடுப்பதும் அதற்குத்தான்.

வீட்டில் இருந்தால் ஜன்னலைச் சாத்துங்கள். கொல்லைப்புறத்தில் குடை, பிளாஸ்டிக் நாற்காலி, டிராம்போலின் எதையும் கட்டாமல் விடாதீர்கள். மேகத்துக்குக் கீழே காற்று ஒரே இடத்தில் குத்தும்போது டிராம்போலின் பக்கத்து வீட்டுக் கூரையில் உட்கார்ந்திருப்பதை இங்கே எல்லாரும் ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். இடி கேட்டால் நீச்சல்குளத்திலிருந்து உடனே வெளியே வாருங்கள். கடைசி இடிக்கு அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்ப இறங்கலாம்.

வாஷில் தண்ணீர் ஓடினால்

வாஷ் என்றால் காய்ந்த ஓடை. வருடத்தில் முக்கால்வாசி நாள் மணலாகக் கிடக்கும், அதன் குறுக்கே சாலை போகும். மண் இறுகிக் கிடப்பதால் மழையைக் குடிக்காது. எங்கோ மலையில் பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரியும்போதுகூட இங்கே சேறும் கட்டையுமாக வந்து சேரும். ஓடும் தண்ணீர் ஆறு அங்குலம் இருந்தால் ஆளைத் தள்ளும், ஓரடி சிறிய காரை மிதக்கவைக்கும், இரண்டடி பெரும்பாலான வண்டிகளை இழுத்துப் போகும். இருட்டில் ஆழம் தெரியாது. அடியில் ரோடு அரித்துப் போயிருந்தாலும் தெரியாது.

தடுப்பு வைத்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போய் மாட்டினால், மீட்கும் செலவை உங்களிடமே வசூலிக்க அரிசோனாவில் சட்டம் இருக்கிறது. ஊரார் அதற்கு வைத்த பெயர் ‘முட்டாள் ஓட்டுநர் சட்டம்’. கஷ்டப்பட்டு விசா வாங்கி வந்து அந்தப் பட்டியலில் சேர வேண்டாம். அரை மணி, ஒரு மணி காத்திருந்தால் தண்ணீர் பெரும்பாலும் வடிந்துவிடும்.

மறுநாள்

சிக்னல் விளக்கு எரியாத சந்திப்பை, நாலாபக்கமும் நின்று போகும் சந்திப்பாக நினைத்துக் கடக்க வேண்டும். தொட்டி, தட்டு எதில் தண்ணீர் நின்றாலும் கொட்டிவிடுங்கள்; 2021இல் நல்ல மழை பெய்தபோது கொசுவால் பரவும் வெஸ்ட் நைல் காய்ச்சல் இந்த மாவட்டத்தைப் படாதபாடு படுத்தியது. ராத்திரியில் தேள் நடமாடும். வெளியே கழற்றிப் போட்ட ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள். நீல ஊதாக் கதிர் டார்ச் அடித்தால் தேள் பச்சையாக மினுங்கும். குழந்தைகளுக்கு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிடும். கடித்தால் 1-800-222-1222 நச்சு உதவி எண்.

இருமலும் காய்ச்சலும் அசதியும் வாரக்கணக்கில் விடாமல் இருந்தால், மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையால் வரும் ‘வேலி ஃபீவராக’ (Valley fever) இருக்கலாம். புழுதியோடு நுரையீரலுக்குள் போவது அது. நிமோனியா என்று சொல்லி ஆன்டிபயாடிக் கொடுத்துக் குறையாவிட்டால், அதற்கான ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். இந்தியாவுக்கு விடுமுறையில் போனபோது அங்கே காய்ச்சல் வந்தாலும், அரிசோனாவில் இருப்பதை அந்த டாக்டரிடம் சொல்லுங்கள். அவருக்கு இது காசநோய் மாதிரித் தெரியக்கூடும்.

முதல் மழை நின்றதும் கதவைத் திறந்தால் ஒரு வாசனை வரும். நம் மண்வாசனை இல்லை. “யாரோ கஷாயம் காய்ச்சற மாதிரி இருக்கே” என்றாள் அம்மா. வேலியோரம் கிடக்கும் கிரியோசோட் என்ற புதரின் பிசின் இலைகள் நனைந்து கிளப்பும் வாசனை அது. இந்த ஊர்க்காரர்கள் அதில் ஒரு கொத்து ஒடித்துக் குளியலறை ஷவரில் கட்டித் தொங்கவிடுவார்கள். வெந்நீர் ஆவி பட்டதும் மழை வாசனை வரும். எங்கள் வீட்டில் அம்மா கட்டிவைத்தது டிசம்பர் வரை தொங்கியது.